நீலாம்பூருக்கு அப்புறம் ஒரு கோடு

ரூத் பொய்யே சொல்லாதவள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவிநாசி ரோட்டில் நாங்கள் வேலை பார்த்த செல்போன் கடையில் எல்லோரையும்விட நேர்த்தியாகப் பொய் சொன்னவள் அவள்தான். மற்றவர்கள் சொன்னால் வாங்க வந்தவர் முகத்தில் லேசாக ஒரு சந்தேகம் தட்டும். ரூத் சொன்னால் தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. ரூத்துக்கு இருபத்து நாலு வயது. போத்தனூர் ரயில்வே காலனிப் பெண். அப்பா பாக்கியசாமி ரயில்வேயில் சிக்னல் ஃபிட்டர். "அப்பனுக்கும் சிக்னல், மகளுக்கும் சிக்னல்" என்று நாங்கள் கேலி செய்வோம். அம்மா இல்லை. காலையில் அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து ஒன்பதரைக்குக் கடையில் இருப்பாள். பி.காம் படித்தவளை முதலில் பில் போடத்தான் எடுத்தார்கள். மூன்றாவது மாதமே மேனேஜர் அவளை விற்பனைக்கு மாற்றினார். அதற்குக் காரணம் அந்த மடக்குப் போன்.

அந்தக் காலத்துச் செல்போன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதிக்கு மேல் செங்கல்தான். சட்டைப் பையில் போட்டால் பை கிழியும், இடுப்பில் மாட்டினால் வேட்டி நழுவும். இதுவோ எண்பத்தெட்டு கிராம். கறுப்பு. மூடி வைத்தால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். பெருவிரலால் விளிம்பைத் தள்ளினால் திறக்கும். திறந்தாலே பேசலாம், பட்டன் அழுத்த வேண்டாம். பேசி முடித்து மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம், லைன் துண்டாகும். அந்தச் சத்தத்துக்காகவே, விலைகூடக் கேட்காமல் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தவர்கள் உண்டு. நான் சர்வீஸ் கவுண்டரில் இருந்தவன். அதன் கீலுக்குள் முடி கனத்தில் ஒரு நாடா ஒயர் ஓடும். அது எத்தனை தடவைதான் தாங்கும் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

நாங்கள் திறந்து காட்டினால் அது ஒரு போன். ரூத் திறந்து காட்டினால் ஆசை வரும். வளையல் இல்லாத ஒல்லிக் கை. அவசரமே படமாட்டாள். அதனால் டெமோ செட்டை அவளிடம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார் மேனேஜர். அனுப்பும்போது இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, கூட வந்த குண்டு பேட்டரியை எடுத்துப் போகக் கூடாது. "அதை மாட்டினா பின்னால புடைச்சுக்கும், அழகே போயிரும். மெலிசு பேட்டரியே போடு." மெலிசு பேட்டரி ஒரு பகல் தாங்காது. இரண்டு, எந்த ஊரில் கேட்டாலும் சிக்னல் உண்டு என்று சொல்ல வேண்டும். "எப்படியும் டவர் வரத்தானே போகுது. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்றோம், அவ்வளவுதான்."

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் சூலூரில் இரண்டு இடம் முடித்துவிட்டு, மத்தியானம் இரண்டரைக்குச் சோமனூரில் இறங்கினாள் ரூத். பார்க்க வேண்டியவர் நரசிம்மலு. அறுபது தறி ஓடும் ஷெட். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, வீட்டில் தெலுங்கு, வெளியே கொங்குத் தமிழ். போனை ஏற்கெனவே யாரோ சொந்தக்காரர் கையில் பார்த்து மயங்கியிருந்தார்.

ஷெட்டுக்குள் பேச முடியாது. அறுபது தறியும் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். நுழைவாசல் ஓரத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்கள். அங்கேயும் மேசை அதிர்ந்தது.

"நம்ம ஷெட்டுல பெல்லடிச்சா எங்கீங்க அம்மணி கேக்கப்போகுது?" என்றார் நரசிம்மலு.

ரூத் அதற்குத்தான் காத்திருந்தாள். மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, போனை மூடி அவர் சட்டைப் பையில் போட்டாள். நரசிம்மலு துள்ளி எழுந்தார்.

"அட! எலி மாதிரி துடிக்குதுங்க!"

"பெல் கேக்க வேண்டியதில்லைங்க சார். இது நெஞ்சுல தட்டிச் சொல்லும்."

அவர் சிரித்தார். போனை எடுத்துத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஆன்டெனாவை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நம்மூர்ல எடுக்குமுங்களா?"

"எடுக்குமுங்க" என்றாள் ரூத். "மழை மேகம் வந்தா மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்."

அதைச் சொல்லிக்கொண்டே போனை வாங்கி, திரையின் ஓரத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டாள். அங்கேதான் சிக்னல் கோடுகள் தெரியும். அப்போது ஒரு கோடுகூட இல்லை. இதைப் பின்னால் என்னிடம் அவளே சொன்னாள். சொல்லும்போது அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், அறைக்கு நேர் எதிரே, குறுக்கு இழையான ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த சின்னாத்தாள் என்ற தொழிலாளி சட்டென்று எழுந்து நின்றாள். அவள் பார்த்த பக்கம் ரூத்தும் பார்த்தாள். ஷெட்டின் பின்வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தார். இடது கையைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்திருந்தார். வாய் திறந்து மூடியது. கத்துகிறார், ஆனால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. துண்டு முழங்கை வரை சிவப்பாக இருந்தது.

நரசிம்மலு ஓடிப் போய் மெயின் சுவிட்சை இழுத்தார். அறுபது தறியும் ஒவ்வொன்றாக நின்றன. அதற்குப் பிறகுதான் அந்த ஆளின் குரல் வெளியே வந்தது.

"போயிருச்சுங்க முதலாளி. வெரலு போயிருச்சுங்க."

அவர் மாசாணம். தறி ஃபிட்டர், சின்னாத்தாளின் கணவர். தறியில் குறுக்கு நூலோடு ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கட்டைகளைப் பின்கட்டில் வட்ட ரம்பத்தில் அவரே அறுத்துக்கொள்வார். கட்டையில் ஒரு கணு இருந்திருக்கிறது. துள்ளிவிட்டது. இடது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் அடியோடு போய்விட்டன. அங்கேயே கத்தியிருக்கிறார், யாருக்கும் கேட்கவில்லை. அதனால் நடந்தே வந்திருக்கிறார்.

"அம்மணி! அந்தப் போனை எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போடுங்க!" என்று கத்தினார் நரசிம்மலு.

ஆடிக் காற்றில் கம்பங்கள் சாய்ந்து, நான்கு நாளாகச் சோமனூரிலிருந்து நீலாம்பூர் வரை டெலிபோன், ரோட்டோர எஸ்.டி.டி. பூத் எதுவும் வேலை செய்யவில்லை. ஷெட்டில் இருந்த எல்லோரும் ரூத்தின் கையைப் பார்த்தார்கள். கை திறந்த போனோடு நின்றது.

"இங்கே எடுக்காதுங்க சார்."

"இப்பத்தானே எடுக்குமுன்னீங்க?"

"பொய் சொல்லிட்டேனுங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தாளாம். அவர் கார் சாவியை எடுக்க ஓடினார்.

சின்னாத்தாள் புருஷனிடம் போகவில்லை. பின்கட்டுக்கு ஓடினாள். ரூத்தும் பின்னால் ஓடினாள். ரம்பத்தின் அடியில் மரத்தூள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. சின்னாத்தாள் அதில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அளைந்தாள். அழவில்லை. நெல்லில் கல் பொறுக்குகிற மாதிரி தேடினாள். முதலில் ஆட்காட்டி விரல் கிடைத்தது. பெருவிரல் ரம்பத்து மேசையின் காலுக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுத்தது ரூத். இன்னும் சூடாக இருந்தது என்றாள்.

முதலில் போனது பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன கிளினிக்குக்கு. டாக்டர் திருப்பூர் போயிருந்தார். நர்ஸ் சாஜிதா பேகம் மட்டும் இருந்தார். அவர் கை பதறாமல் துண்டைப் பிரித்து, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டி, மாசாணத்தின் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"கோயமுத்தூர்ல வெரல் ஒட்டவெக்கிற டாக்டர் ஒருத்தர் இருக்காருங்க. ஆனா வெள்ளிக்கிழமையானா நாலு மணிக்குப் பாலக்காடு கிளம்பிருவாரு. இப்பவே மூணரை. எப்படியாச்சும் முன்னாடியே தகவல் சொல்லிப்போடுங்க." ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். எதிர்க்கடையில் சர்பத்துக்கு வைத்திருந்த ஐஸை ஒரு தூக்குப் போசியில் வாங்கி, விரல்களை அதற்குள் போட்டு மூடினார். விரலை ஐஸில் வைக்க வேண்டும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

நரசிம்மலு காரை ஓட்டினார். பின்சீட்டில் மாசாணம், அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி சின்னாத்தாள். முன்சீட்டில் ரூத். மடியில் தூக்குப் போசி, கையில் போன்.

கருமத்தம்பட்டியில் ஏறி ஹைவேயில் திரும்பியதும் நரசிம்மலு முதல் தடவையாகப் பேசினார்.

"எங்கே எடுக்கும்?"

"நீலாம்பூர் பக்கமுங்க."

"நீலாம்பூருக்கு முன்னாலயா, பின்னாலயா? இதையாச்சும் நெசமாச் சொல்லுங்க."

ரூத்துக்குத் தெரியவில்லை. அந்த ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறாள். கோடு எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லாத வேலை அவளுடையது.

"தெரியலைங்க. நெசமாலுமே தெரியலைங்க."

பேட்டரி வேறு. காலையிலிருந்து டெமோ காட்டியதில் கடைசிக் கட்டத்துக்கு வந்து மினுக்கிக்கொண்டிருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் போன் விடாமல் தேடும். தேடத்தேட பேட்டரி இறங்கும். அதனால் ரூத் போனை அணைத்தாள்.

"ஏனுங்க அணைக்கறீங்க!" பின்னாலிருந்து சின்னாத்தாள் கத்தினாள்.

"இப்ப எரிஞ்சா அங்கே போய்ப் பேட்டரில உசுரு இருக்காதுங்கக்கா. அங்கே போய்ப் போடறேன்."

அணைத்த போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கஷ்டம் என்றாள் ரூத். கணியூர் தாண்டியது. முன்னால் பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழிவிடாமல் போனது. நரசிம்மலு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆடிக் காற்று எதிரே பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து கண்ணாடியில் புழுதியை அள்ளி அடித்தது. மாசாணம் முனகுவதை நிறுத்திவிட்டார். அந்த அமைதி எல்லோரையும் பயமுறுத்தியது. சின்னாத்தாள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். புருஷன் பேரை அவள் அதற்கு முன் வாயால் சொன்னதில்லை. "மாசாணம். மாசாணம். கண்ணைத் தெறங்க." மணி மூன்று ஐம்பது.

லாரியைத் தாண்டி நீலாம்பூர்க் கடைகள் தெரிந்ததும் ரூத் போனைப் போட்டாள். திரை வெளிச்சமானது. தேடியது. ஒன்றுமில்லை. ஆன்டெனாவை இழுத்து, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டினாள். கடைகள் முடிந்தன. ஒரு வேப்பமரம், ஒரு பஞ்சர் கடை. அதற்கு அப்பால் ஒரு கோடு வந்தது. போனது. மறுபடி வந்தது.

"நிறுத்துங்க! பின்னால எடுங்க! ரெண்டடி பின்னால!"

நரசிம்மலு ஹைவேயில் காரைப் பின்னால் எடுத்தார். கோடு நின்றது. ரூத் இறங்கி, சீட்டைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தது ரிசப்ஷன் பெண்.

"டாக்டர் கிளம்பிட்டாருங்களே. கார்ல ஏறிட்டாருங்க."

"ஓடிப் போய் நிறுத்துங்க. ரெண்டு வெரல் வெட்டுப்பட்ட ஆளைக் கொண்டு வாரோம். ஓடுங்கக்கா, என் போன்ல பேட்டரி இல்லை!"

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. போன் காதுக்குள் 'பீப்' என்றது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். ரூத் அசையாமல் நின்றாள். ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அந்தக் கோடு போய்விடும் என்று பயம். லாரிகள் உரசிக்கொண்டு போயின. இன்னொரு 'பீப்'.

"யாரு பேசறது?" ஆண் குரல், மூச்சு வாங்கியது. "எத்தனை மணிக்கு வெட்டுச்சு?"

"மூணு மணி அஞ்சு நிமிஷமுங்க."

"விரல் இருக்கா? எதில வெச்சிருக்கீங்க?"

"ஐஸ்ல போட்டிருக்கோமுங்க டாக்டர்."

"நேரா ஐஸ்லயா? உடனே வெளிய எடுங்க! ஐஸ் பட்டா சதை செத்துப்போகும். சுத்தமான துணியை நனைச்சு, பிழிஞ்சு, அதில சுத்துங்க. அதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் தண்ணி உள்ள போகாம மூடுங்க. அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க."

"ஈரத் துணி, கவர், கவரை ஐஸ் மேல. டாக்டர், நீங்க இருப்பீங்கள்ல? பெருவெரலும் ஆட்காட்டி..."

போன் செத்துவிட்டது. கறுப்புத் திரை. அவர் இருப்பதாகச் சொன்னாரா, சொல்லவில்லையா, தெரியாது.

ரூத் போனைக் காருக்குள் எறிந்தாள். போசியைத் திறந்து ஐஸுக்குள் கைவிட்டு விரல்களை எடுத்தாள். வெளுத்துப் போயிருந்தன. துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்று அவள் பையில் இருந்தது. சின்னாத்தாள் காரில் இருந்த குடிதண்ணீரை ஊற்றினாள், ரூத் பிழிந்தாள், இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். கவர்? டெமோ போன் வைத்துக் கொடுத்த, வாயை அழுத்தி மூடுகிற பளபளப்புக் கவர் இருந்தது. புதுப் போன் என்று காட்டுவதற்காக அதைத் தூசி படாமல் வைத்திருந்தாள். அதற்குள் வைத்து மூடி, போசியின் ஐஸ் மேல் வைத்தாள்.

"இருப்பாருங்களா?" என்று கேட்டார் நரசிம்மலு, வண்டியை எடுத்துக்கொண்டே.

"தெரியலைங்க சார். கட் ஆயிருச்சு."

 ஹோப் காலேஜ் சிக்னலில் நரசிம்மலு நிற்கவில்லை. போலீஸ்காரர் விசில் அடித்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நின்றார்கள். பக்கத்தில், பாலக்காடு போகக் கையில் பெட்டியோடு கிளம்பியவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார். முதலில் ஆளைப் பார்க்கவில்லை, போசியை வாங்கிக் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னார். 

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. பெருவிரல் பிடித்துக்கொண்டது. ஆட்காட்டி விரல் ஐந்தாம் நாள் கறுத்தது, எடுத்துவிட்டார்கள். நேராக ஐஸிலேயே வந்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் நரசிம்மலுவிடம் சொன்னாராம். பெருவிரல் இருந்தால் பாதிக் கை இருக்கிற மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரூத் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் சின்னாத்தாள் அவளைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"வலியில இருந்த எங்க ஊட்டுக்காரருக்கு உங்க பொய் தெரியாதுங்க" என்றாள். "பொய்யின்னு ஒத்துக்கறதுக்கு முன்னால நீங்க கண்ணாடி ரூமுல தலையாட்டி எடுக்குமுன்னு சொன்னீங்க. உள்ள பேசறது கேக்காது. ஆனா நாங்க வாயப் பார்த்தே படிப்போம். நான் பார்த்தனுங்க."

ரூத் தலை குனிந்தாள்.  உள்ளிருந்து மாசாணம் தண்ணீர் கேட்டார். சின்னாத்தாள் கையில் இருந்த டம்ளரை ரூத்திடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க, அவரைத் தூக்கி உக்கார வெக்கோணும்." மன்னித்தாளா என்று கேட்டால் ரூத்துக்கு இன்றைக்கும் தெரியாது. டம்ளரைப் பிடித்தாள், அவ்வளவுதான்.

டெமோ போன் திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தது. கீலுக்குள் மரத்தூளும், காய்ந்த ரத்தமும். பிரித்துத் துடைக்க அரை நாள் ஆயிற்று. நாடா ஒயர் நல்லவேளை அறுந்திருக்கவில்லை. மேனேஜர் ரூத்தைக் கூப்பிட்டுப் போனைப் பாழ்பண்ணியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள்: இனிமேல் எடுக்காத ஊரில் எடுக்கும் என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேலை போனாலும் சரி.

வேலை போகவில்லை. அவளைப் போல் அந்தப் போனை விற்க ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். ஆனால் விற்பனை பாதியாகக் குறைந்தது. சூலூர்க்காரர் ஒருவரிடம் "உங்க தோட்டத்துல எடுக்காதுங்க, பஸ் ஸ்டாண்டுல எடுக்கும்" என்று சொன்னதை நானே கேட்டேன். அவர் வாங்காமல் போய்விட்டார். மேனேஜர் பல்லைக் கடித்தார்.

விடுமுறை நாளில் ரூத் ஒரு வேலை செய்தாள். குண்டு பேட்டரியை மாட்டிக்கொண்டு, போத்தனூரிலிருந்து பஸ் பஸ்ஸாக மாறி, கையில் திறந்த போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோடு வரும் இடம், போகும் இடம், எந்த மரம், எந்தக் கடை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினாள். சில ஞாயிறுகளில் பாக்கியசாமியும் கூட வந்தார். மகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்க்க வந்தவர், பிறகு பென்சிலைத் தானே வாங்கிக்கொண்டார். அந்த நோட்டின் பக்கங்களைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். டவர் போடும் கம்பெனிக்காரர்களே ஒரு பிரதி வாங்கிப் போனார்கள்.

மறு வருஷம் சோமனூருக்கு டவர் வந்தது. வந்த வாரமே நரசிம்மலு கடைக்கு வந்தார். மாசாணம் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றும், ரம்பத்துக்கு இரும்புக் கூண்டு போட்டாயிற்று என்றும் சொன்னார். ரூத் மடக்குப் போனை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அழகா இருக்குதுங்க அம்மணி. ஆனா எனக்கு வேண்டாமுங்க. ரெண்டு நாளைக்குப் பேட்டரி நிக்கிற மாதிரி ஒரு குண்டுப் போன் இருந்தா எடுங்க."

ரூத் எழுந்து போய், அலமாரியின் கீழ்த்தட்டில் யாரும் கேட்காமல் தூசி படிந்து கிடந்த செங்கல் போனை எடுத்து வந்தாள்.